திருப்பிச் சொல்லு

"சரின்னு மட்டும் சொல்லாத. நான் சொன்னதத் திருப்பிச் சொல்லு."

சோணை டெலிபோன் குழாயைக் காதிலிருந்து எடுத்து ஒரு முறை முறைத்துப் பார்த்தான். கன்னையன் ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

போடிமலைக்கு மோட்டார் ரோடு வராத காலம். அடிவாரக் கொட்டகையில் சோணை, மலை உச்சிக் கொட்டகையில் கன்னையன். நடுவே ஓர் இரும்புக் கயிறு. தேயிலை ஏற்றிய தொட்டிகள் அதில் தொங்கியபடி இறங்கும். அந்த எடையில் மறுபக்கம் காலித் தொட்டிகள் ஏறும். பிரேக்குக் கட்டை கீழே, சோணை கையில். தளர்த்தினால் கயிறு ஓடும், அழுத்தினால் நிற்கும். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. தகர டப்பாவுக்குள்ளிருந்து வரும் ஒரு குரல், சோணைக்குக் கன்னையன் அவ்வளவுதான்.

"என்னண்ணே, தொண்டை கம்மிக் கெடக்கு? மழையில நனைஞ்சியா?"

"ஆமா. கேளு. தொட்டியில ஆள் வருது. அடிபட்ட ஆளு, ரத்தம் நிக்கல. நடைபாதையில தூக்கிட்டு வந்தா உசுரு தங்காது. திருப்பிச் சொல்லு."

"தொட்டியில... ஆள் வருது. அடிபட்ட ஆளு."

வாசலில் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்த வண்டிக்கார ராக்கையா திரும்பினான். "ஆளா? இந்தக் கயித்துலயா?"

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கயிறு கொஞ்ச தூரம் போய் மேகத்துக்குள் காணாமல் போயிருந்தது. அதற்கப்பால் மலை இருக்கிறது என்று நம்பித்தான் ஆக வேண்டும். இதில் அரிசி போயிருக்கிறது, தேயிலை வந்திருக்கிறது. மனிதன் வந்ததில்லை.

"அண்ணே, மேகம் வாசல் வரைக்கும் எறங்கிக் கெடக்கு. தொட்டி வர்றது தெரியாது. பிரேக்கு பிந்துனா செவுத்துல அடிச்சுரும்."

"தெரியும். நீ ஏத்துற காலித் தொட்டியில செவப்புத் துணி கட்டு. இங்க ஆளு கெளம்பும்போது அது அங்க கெளம்பணும். துணி இங்க வந்தா ஆளு அங்க வந்தாச்சு. இங்க மேகம் இல்ல. துணியப் பாத்ததும் 'பிடி'ம்பேன். அதுவரைக்கும் குழாயக் காத விட்டு எடுக்காத."

"சரிண்..."

"சரி வேண்டாம்!"

சோணை ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். ராக்கையா தன் சிவப்புத் தலைத்துண்டை அவிழ்த்துத் தொட்டியில் கட்டினான்.

"ஒன்னைய நம்பி ஒரு ஆள ஏத்துறாரு பாரு, அவரச் சொல்லணும். காலையில கஞ்சிய வாயில வச்சுக்கிட்டே 'சரிண்ணே'ன்ன. அவரு என்ன சொன்னாருன்னாவது தெரியுமா ஒனக்கு?"

"எப்பவும் சொல்றதுதான். 'கயித்த விடு'ம்பாரு. விட்டேன். நீ போயி வண்டியப் பூட்டு மாப்ளே, போடி ஆஸ்பத்திரிக்கு வெரசாப் போகணும்."

சோணை கட்டையைத் தளர்த்தினான். கயிறு ஓடியது. சிவப்புத் துணி மேகத்தில் கரைந்தது.

குழாயில் மூச்சு மட்டும் கேட்டது. காட்டுக்கும் பள்ளத்தாக்குக்கும் மேலே, பருந்துகள் கீழே சுற்றும் உயரத்தில், ஒரு மனிதன் படுத்தபடி ஆகாயத்தில் வந்துகொண்டிருக்கிறான். அவனைத் தூக்கி வருவது இரும்பு. அவனைத் தரையில் இறக்கப் போவது ஒரு வார்த்தை. அதை நினைத்தபோது சோணையின் குரல் தானாகத் தணிந்தது.

"அண்ணே, இருக்கியா?"

"இருக்கேன். கட்டையில கை இருக்கா?"

"கட்டையில கை இருக்கு." இப்போது கேட்காமலே திருப்பிச் சொன்னான்.

மேகத்துக்குள் எங்கோ கயிறு முனகியது. முனகல் நெருங்கியது. அழுத்திவிடலாமா என்று கை துடித்தது. அழுத்தவில்லை.

"பிடி!"

"பிடிச்சேன்!"

குழாயை விட்டுவிட்டு முழு உடம்பையும் கட்டையின் மேல் போட்டான். சக்கரம் அலறியது. மேகத்திலிருந்து வெளிப்பட்ட தொட்டி, சுவருக்கு ஒரு முழம் முன்னால் ஆடி நின்றது. ராக்கையா கை எடுத்துக் கும்பிட்டான்.

தொட்டிக்குள் கம்பளியில் சுற்றிய ஓர் ஆள். வலது கை மணிக்கட்டு வரை நசுங்கி, ரத்தம் ஊறிய துணிக்கட்டாகக் கிடந்தது. அவர் மெல்லக் கண் திறந்தார்.

"சோணையா?"

தகர டப்பாவுக்குள்ளிருந்து தினமும் கேட்ட அதே குரல்.

"சக்கரத்துல கை வைக்கப் போறேன், கயித்த விடாதன்னு காலையில சொன்னேன்... சரின்னியேடா."

சுவரில் தொங்கி ஆடிய குழாய் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. சோணை போய் எடுத்தான். தொண்டைக் கம்மல் எல்லாம் போய், அது இப்போது ஒரு பெண்ணின் குரலாக இருந்தது.

"எங்க வீட்டுக்காரரு வந்துட்டாராண்ணே? யாருன்னு முன்னமே சொல்லியிருந்தா ஒங்க கை நடுங்கியிருக்கும், அதான் சொல்லல. வந்துட்டாரா? திருப்பிச் சொல்லுங்க."