பத்தியத் தொட்டி

ஒரு ஊர்ல, ஒரே நாள்ல பொறந்த மீன்குஞ்சு நூறு இருந்துச்சாம். அம்பதுக்கு விருந்து, அம்பதுக்குப் பத்தியம்.

ஊர் திருச்சி. இடம், ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடம். விருந்து என்பது மஞ்சக்கருத் தூள். கண்ணாடி மாதிரி உடம்புள்ள குஞ்சுகள். மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கல்லீரல் வளர்வதும், அதற்குள் ரத்தம் ஓடுவதும் அப்படியே தெரியும். கொழுப்புத் தீனி தின்றால் கல்லீரலுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் என்ன ஆகும் என்பதுதான் ஷெர்லினின் பிஎச்.டி.

பத்தியக் குஞ்சுகளின் ஈரலில் கொழுப்பு சேரக் கூடாது. சேர்ந்திருந்தது.

"தர்மராஜண்ணே, உண்மையைச் சொல்லுங்க. பத்தியத் தொட்டியில மஞ்சக்கரு போட்டீங்களா?"

தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் தர்மராஜ் தலையைச் சொறிந்தார்.

"ரெண்டே ரெண்டு நாள்மா. பக்கத்து இலைக்குப் பாயசம், இந்த இலைக்கு வெறும் சோறா? பந்தியில ஓரவஞ்சனை பண்ணலாமா?"

"இது என்ன கல்யாண மண்டபமா? மூணு வார உழைப்புண்ணே!"

அவருடையது ஒப்பந்த வேலை. இன்னும் ஒரு வருஷத்துக்கு நீட்டிக்கும் தாள், ஷெர்லினுக்கு வழிகாட்டியான டோரதி மேடத்தின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது தெரிந்தும் ஷெர்லின் விடவில்லை. விறுவிறுவென்று புகார் எழுதி, அவரையும் கூட்டிக்கொண்டு மேடத்தின் முன்னால் போய் நின்றாள்.

டோரதி மேடம் கறார்க்காரர். லேபில் செருப்புச் சத்தம் கேட்டாலே யாரது என்று அதட்டுவார்.

"இப்படிப்பட்டவங்களை வச்சுக்கிட்டு ஆராய்ச்சி பண்ண முடியாது மேடம். வேற ஆளைப் போடுங்க."

மேடம் புகாரைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

"ரெண்டு நாளைக்கு இவ்வளவு கொழுப்பு சேராதே, ஷெர்லின்."

"அப்ப இன்னும் நிறைய நாள் போட்டிருக்கார் மேடம்!"

"அவரில்லம்மா." மேடத்தின் குரல் இறங்கியது. "சாயங்காலம் கிளம்பும்போது நானும் ஒரு சிட்டிகை... தொட்டிக் கண்ணாடிக்கிட்ட வந்து வாயைத் திறந்து திறந்து மூடுதுங்க. ஈரல்ல கொழுப்புன்னு டாக்டர் எனக்கே வடை கூடாதுன்னுட்டார். பத்தியத்தோட கஷ்டம் எனக்குத் தெரியும்."

தர்மராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்.

"இவரை அனுப்பினா என்னையும்ல அனுப்பணும்?" என்றபடி மேடம் நீட்டிப்புத் தாளை இழுத்து, சட்டென்று கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்தார். "புதுசா நூறு குஞ்சு விடுவோம். தூள் டப்பாவுக்கு ஒரு பூட்டு வாங்கிடுங்க."

அப்புறம் ஏதோ நினைவு வந்து தொட்டி நோட்டைப் புரட்டினார். தூள் விழுந்தால் தண்ணீர் கலங்கிவிடும். தினமும் காலையில் தண்ணீரைப் பார்த்து எழுதுவது தர்மராஜின் வேலை.

"மத்த நாள் கலங்கினது எங்களால. இதென்ன, மூணு திங்கக்கிழமையும் கலங்கல்னு இருக்கு? ஞாயித்துக்கிழமை நான் வர்றதில்ல. தர்மராஜ் சொந்த ஊர் உப்பிலியபுரத்துக்குப் போயிடுவார். லேப் சாவி..."

மேடம் மெதுவாக நிமிர்ந்து ஷெர்லினைப் பார்த்தார்.

ஷெர்லினுக்குக் காது மடல் சுட்டது. ஞாயிறு மதியம் வீட்டில் வயிறு முட்ட பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்து பத்தியத் தொட்டியின் முன்னால் நின்றால், நெஞ்சை என்னவோ பண்ணும். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு சிட்டிகை, இதனால் என்ன கெட்டுவிடப் போகிறது என்றுதான் அவளும் போட்டாள்.

மேசையிலிருந்த புகாரை எடுத்து நாலாகக் கிழித்தாள். "மேடம், அது வந்து..."

தர்மராஜ் முந்திக்கொண்டார்.

"அட, அது காவிரித் தண்ணி மேடம். ஞாயித்துக்கிழமையானா குழாய்லயே கலங்கலாத்தான் வருது!" என்று சொல்லிவிட்டு, ஷெர்லின் பக்கம் திரும்பாமலே ஸ்ரீரங்கம் பஸ்ஸைப் பிடிக்க நடையைக் கட்டினார்.