முப்பத்தைந்து வயது ஆருத்ரா

முப்பத்தைந்து வயதில் நாம் எப்படிப் பேசுவோமோ அப்படியே பேசும் குரல் ஒன்று, ஒரு செயலி வழியாகப் போனில் வரும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் எல்லாரும் அதனிடம்தான் யோசனை கேட்டார்கள். திண்டுக்கல் ஆருத்ராவும் கேட்டாள், ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கலாமா என்று.

"போகாதடி," என்று அவள் குரலே தேம்பியது. "ஆறு வருசம் அந்தக் குளிர்ல தனியாக் கெடந்து அழுதேன். அம்மாவோட கடைசி நேரத்துக்குக்கூட வந்துசேர முடியல."

தன்னையே நம்பாமல் வேறு யாரை நம்புவது? விண்ணப்பிக்காமலே கடைசி நாளைக் கடத்திவிட்டாள். அன்று அம்மா ஷர்மிளா காரணம் சொல்லாமல் கேசரி கிண்டினாள்.

நான்கு நாள் கழித்து, கேஸ் புக் செய்ய அம்மாவின் போனை எடுத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் கொடுப்பதுபோல அந்தக் குரலுக்கும் அம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். அதனால் அம்மாவும் அந்தக் குரலோடு பேச முடிந்திருக்கிறது; அந்தப் பேச்சின் பதிவு ஒன்று போனில் கிடந்தது. அழுத்தினாள்.

"அழுகை பத்தல. இன்னும் கொஞ்சம் அழுது சொல்லு. என்னோட கடைசி நேரத்தையும் சேத்துக்க," என்றாள் அம்மா. பின்னால் குக்கர் விசிலடித்தது.

ஆருத்ரா மொட்டை மாடிக்கு ஓடிப்போய்த் தன் குரலை அழைத்தாள்.

"அம்மா சொல்லிக்குடுத்ததையா எங்கிட்டச் சொன்ன? எனக்கே துரோகம் பண்ண உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"



"அம்மா அழுதுச்சுடி," என்றது குரல். "நீயா இருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பியா?"