இருபத்தேழு பேர் படித்த வகுப்பு

எலுமிச்சைச் சாறு ஊற்றிக் கொடுத்து முடித்தபோது ஒரு கோப்பை மிஞ்சியது. அப்போதுதான் லேசிக்கு உறைத்தது, ஒருவர் இன்னும் வெளியே வரவில்லை.

பெக்கான் மரத்தடியில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த மற்றவர்கள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். காலையிலிருந்து ஏழு தெரு நடந்த களைப்பு. தூண் வைத்த முகப்புகள், மீன் செதில்போலப் பலகை அடித்த கூம்புகள், இரட்டைத் தாழ்வாரங்கள் என்று பேட்டையின் பழைய வீடுகளையெல்லாம் காட்டிவிட்டு, வழிகாட்டியான லேசி கடைசியாக இந்தச் செங்கல் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்திருந்தாள்.

பள்ளி மூடிப் பல வருஷம் ஆகிறது. இப்போது உள்ளே குடியிருப்புகள். ஒரே ஒரு வகுப்பறையை மட்டும் இடிக்காமல் அப்படியே விட்டிருந்தார்கள். அதற்காக மூன்று வருஷம் மனு எழுதியவள் லேசிதான்.

கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த ஆர்வெல்லா மிம்ஸ் என்ற மூதாட்டி, வைக்கோல் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு குட்டிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து ஒரு கேள்விகூடக் கேட்காதவர் அவர்.

லேசி கோப்பையை நீட்டினாள். சும்மா நிற்க அவளுக்கு வராது.

"கவனிச்சீங்களா மிஸ் ஆர்வெல்லா? ஜன்னல் எல்லாமே இடப்பக்கம்தான். எழுதுற கையோட நிழல் நோட்டுல விழக் கூடாதுன்னு அந்தக் காலத்துலயே யோசிச்சுக் கட்டியிருக்காங்க."

"எனக்கு இடக்கை, கண்ணு. வருஷம் பூரா நிழல்லதான் எழுதினேன்."

லேசி சிரித்துவிட்டாள். பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"இங்கயா படிச்சீங்க? ஐயோ, முன்னாடியே சொல்லியிருந்தா உங்களையே பேச விட்டிருப்பேனே!"

"நீ நல்லாத்தான் பேசின. கட்டடத்தைப் பத்தி ஒரு வார்த்தை தப்பில்ல."

"எந்த வருஷம்?"

"அறுபத்து மூணு. ஒண்ணாங்கிளாஸ்."

"கிளாஸ்ல எத்தனை பேரு?"

ஆர்வெல்லா ஒரு வாய் குடித்தார்.

"ரிஜிஸ்டர்ல இருபத்தேழு. ரூம்ல ஒண்ணு."

லேசி விழித்தாள்.

"அந்த வருஷம்தான் கறுப்புப் பிள்ளைங்களையும் சேர்த்தே ஆகணும்னு கோர்ட்டுல சொன்னது. இந்த வெள்ளைக்காரங்க ஸ்கூலுக்கு வந்தது நான் ஒருத்தி. காலையில உள்ள வந்தப்போ பெஞ்செல்லாம் நிறைஞ்சிருந்தது. சாப்பாட்டு மணி அடிக்கறதுக்குள்ள அம்மாமாருங்க ஒவ்வொருத்தரா வந்து பிள்ளைங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எவளும் கத்தல. கதவைக்கூட மெதுவாத்தான் சாத்தினாங்க."

வெளியே யாரோ எதற்கோ கைதட்டினார்கள்.

"டீச்சரும் போயிட்டாங்களா?"

"போகல. மிஸ் ட்ரெஸ்காட். வெள்ளைக்காரம்மாதான். ஆனா சட்டம்னா சட்டம். பேரை அடிக்கணும்னா மேலேருந்து கடுதாசி வரணும், வரலியேன்னு தினமும் இருபத்தேழு பேரையும் கூப்பிடுவாங்க. ஒவ்வொரு பேருக்கும் நின்னு, அந்தப் பெஞ்சைப் பார்த்துட்டுத்தான் அடுத்த பேருக்குப் போவாங்க. எனக்குன்னா பயம். என் பேரை எப்பத்தான் கூப்பிடுவாங்கன்னு இருக்கும்."

"இப்பவும் ஞாபகம் இருக்கா?" லேசி மெல்லக் கேட்டாள். "அந்தப் பேரெல்லாம்?"

"என் பேரப்பிள்ளைங்க பேரு மறந்தாலும் மறக்கும்."

ஆர்வெல்லா தொப்பியைப் பெஞ்சில் வைத்தார். முதுகை நிமிர்த்தினார். குரல் மாறிவிட்டது. அது வேறு யாருடைய குரலோ.

"டென்னிஸ் ஆட்கின்ஸ்."

நிறுத்தினார். ஒரு பிள்ளை எழுந்து பதில் சொல்லத் தேவையான நேரம்.

"வாண்டா பீஸ்லி."

மறுபடி அதே நேரம். கண்கள் ஒரு பெஞ்சிலிருந்து அடுத்ததற்குப் போயின.

"ராஜர் பர்டெட்."

லேசி சுவரோடு ஒட்டி நின்றாள். மற்றவர்களைப் பேருந்துக்கு அழைத்துப் போகும் நேரமாகிவிட்டது. அவள் நகரவில்லை. நான்காவது, ஐந்தாவது. அந்தப் பெயர்களில் ஒருவர் ஊரின் பல் டாக்டர். இன்னொருவர் அவளுக்கு ஞாயிறுப் பள்ளியில் பாடம் சொன்னவர்.

எட்டாவது பெயருக்குப் பின் ஆர்வெல்லாவின் கண்கள் ஜன்னலோரம் போய் நின்றன.

"ஜோனெல் ஹார்ட்சாக்."

அது லேசியின் அம்மாவுடைய, கல்யாணத்துக்கு முந்தைய பெயர்.

ஒண்ணாங்கிளாஸில் ஸ்கூலைச் சூடாக்கும் பாய்லர் வெடித்துவிட்டது, அதனால்தான் சர்ச்சின் கீழறையில் படித்தேன் என்று அம்மா போன வருஷம் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். மகள் ஊரெல்லாம் கூட்டிப் போய்க் காட்டும் இந்தக் கட்டடத்துக்கு ஒரு தடவைகூட அவள் வந்ததில்லை. முழங்கால் வலி என்பாள்.

ஆர்வெல்லா காத்திருந்தார். ஒரு பிள்ளை எழுந்து பதில் சொல்லத் தேவையான நேரம்.

"உள்ளேன்," என்றாள் லேசி.

ஆர்வெல்லா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

பிறகு பத்தாவது பெயரைக் கூப்பிட்டார்.