ஆணியில் தொங்கிய வெள்ளைக் கோட்டு

கரீம்நகரில் மருந்து மொத்த வியாபாரம் செய்யும் ராஜமௌலி, 2019 கோடையில் சொன்ன வடிவம் இது.

சம்மய்யாவின் மருந்துக்கடைச் சுவரில் பூர்ணசந்தர் என்பவரின் பார்மசிஸ்ட் சான்றிதழ் மாத வாடகைக்குத் தொங்கியது. கீழே ஓர் ஆணியில் வெள்ளைக் கோட்டு. பூர்ணசந்தருக்கு அடுத்த தெருவில் செல்போன் கடை. சம்மய்யா படித்தது பத்தாம் வகுப்பு.

மகள் ரவளிக்கு மறுநாள் கவுன்சலிங்.

"டி.பார்ம் போதும். ரெண்டே வருஷம். உன் சர்ட்டிபிகேட்டை மாட்டிட்டா எவன் தயவும் வேண்டாம்" என்றார் சம்மய்யா.

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி சுகுணா விடவில்லை. "பார்ம்.டி. சேருடி. ஆறு வருஷம்னாலும் பேருக்கு முன்னால டாக்டர்னு போடலாமாம். கல்யாணப் பத்திரிகைல எடுப்பா இருக்கும்."

"அது ஆஸ்பத்திரில நோயாளியோட மருந்தைச் சரிபாக்கிற படிப்பும்மா, பத்திரிகைக்கு இல்ல. நான் பி.பார்ம் சேர்றேன்."

"நாலு வருஷம்! ரெண்டுங்கெட்டான் படிப்பு" என்று சிரித்தார் சம்மய்யா. "படிச்சிட்டு, மருந்துக் கம்பெனி ரெப்பாப் பையைத் தூக்கிக்கிட்டு டாக்டர் வாசல்ல நிக்கப்போறியா?"

அப்போது எதிர்க்கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, டிரக் இன்ஸ்பெக்டரம்மா தெருமுனைல. கடை கடையா மருந்துச் சோதனை."

சம்மய்யாவின் அழைப்புக்கு பூர்ணசந்தர் தலைதெறிக்க ஓடிவந்து கோட்டுக்குள் புகுந்தார். பொத்தான்கள் மாறிப் போயின. இன்ஸ்பெக்டர், ரவளியைவிட ஏழெட்டு வயது மூத்த பெண், பதிவேட்டைப் புரட்டி, சோடா குடித்து எழும்வரை சம்மய்யா கைகட்டியே நின்றார்.

"அந்த மேடம் படிச்சது பி.பார்ம்தான்பா" என்றாள் ரவளி, அவர் போனதும். "வெறும் டி.பார்ம் படிச்சா இன்ஸ்பெக்டர் பரீட்சை எழுத முடியாது."

சம்மய்யாவின் முகம் மலர்ந்தது. "அடி என் தங்கமே, இதை முன்னாடியே சொல்லக்கூடாதா? நீ இன்ஸ்பெக்டரானா நம்ம கடைப்பக்கம் எவன் எட்டிப்பாப்பான்?"

"நான்தான்பா. முதல் சோதனையே இங்கதான்."

சம்மய்யா பூர்ணசந்தரைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

"உங்கம்மா சொல்றதும் சரிதான்" என்றார். "டாக்டர் ஆயிடு தாயி."

ராஜமௌலி இங்கே நிறுத்திவிடுவார். ஜக்தியால் பக்கம் சொல்லும் கதை வேறு. அங்கே ரவளி அப்பா சொற்படி டி.பார்மே முடித்து, சான்றிதழை மாட்டித் தானும் கடையில் உட்கார்ந்தாள். டாக்டர் சீட்டில்லாமல் வந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் இல்லை என்றாள். கூட்டம் எதிர்க்கடைக்கு நகர்ந்தது. மூன்றே மாதத்தில் சம்மய்யாவே அவளை அழைத்துப்போய், டி.பார்ம் முடித்தவர்கள் நேராகச் சேரக்கூடிய பி.பார்ம் இரண்டாம் ஆண்டில் சேர்த்துவிட்டு, திரும்பி வந்ததும் பூர்ணசந்தரின் வெள்ளைக் கோட்டைத் துவைத்து மறுபடி ஆணியில் மாட்டினாராம்.