ஏஐக்கு ஒரு குறிப்பு

கோடாலிக்காம்புன்னு சும்மாவா சொல்லி வச்சாங்க! பக்கத்து சீட் மௌனசாமி ரெண்டு நாளா தலை நிமிராம தட்டுறதைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிஞ்சுது. வாயே திறக்காத மனுஷன்னு நாங்க வச்ச பேர் அது.

விஷயம் இதுதான். ஆபீசுக்கு ஏஐ வந்திருக்கு. கருப்புத் திரையில வேலையைச் சொன்னா, அதுவே ப்ரோகிராம் எழுதிடும். "இனிமே உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் போதும்"னு மேனேஜர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார்.

ஆனா நம்ம ஆபீஸ் சங்கதி அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் ஒரு குறிப்பு ஃபைல். அதைப் படிச்சுட்டுத்தான் ஏஐ எந்த வேலையையும் ஆரம்பிக்கும். எழுதுற பொறுப்பு யாருக்கு? மௌனசாமிக்கு!

லாரிகளுக்கு ரூட் போடுற என் ப்ரோகிராமைப் பத்தி துருவித் துருவிக் கேட்டார். நானும் மடச்சி மாதிரி எல்லாத்தையும் ஒப்பிச்சேன்.

"என் வேலையை அதுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு, நீங்க நிம்மதியா உட்கார்ந்துக்கலாம்னு பார்க்குறீங்களா சார்?" பொறுக்க முடியாம கேட்டுட்டேன். "வீட்டுக்காரருக்கு வேலை போய் எட்டு மாசம். என் ஒரு சம்பளத்துலதான் அடுப்பு எரியுது. தெரியுமில்ல?"

"தெரியும்மா."

அவ்வளவுதான். மறுபடி தட்ட ஆரம்பிச்சுட்டார். கல்லுளிமங்கன்!

மறுநாள் காலையில மேனேஜர் வந்தார். எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சுட்டு, திரையில தட்டினார்: 'லாரி ரூட்டில் ஞாயிற்றுக்கிழமையையும் சேர்.'

என் ப்ரோகிராம்தான் முதல் பலின்னு நினைச்சேன்.

பதில் வந்துச்சு. 'குறிப்பைப் படித்தேன். எந்த டிரைவர் எந்த வழியில் போவார், எங்கே தகராறு வரும் என்பதெல்லாம் இந்த ப்ரோகிராமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குத்தான் தெரியும். அவரைக் கேட்காமல் கை வைக்காதே என்று எழுதியிருக்கிறது. கேட்டுவிட்டீர்களா?'

மேனேஜர் முகம் சுருங்கிச்சு. "சரி, கோடவுன் ஸ்டாக்கைப் பார்ப்போம்."

அது பத்து வருஷமா மௌனசாமி கட்டிக் காத்த ப்ரோகிராம்.

'எல்லா விவரமும் குறிப்பில் இருக்கிறது. யாரையும் கேட்கத் தேவையில்லை என்றும் இருக்கிறது. தொடங்கட்டுமா?'

மேனேஜர் மௌனசாமியை ஏற இறங்கப் பார்த்தார். "மதியம் என் ரூமுக்கு வாங்க"ன்னுட்டுப் போயிட்டார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "ஏன் சார்? ஏன் இப்படிப் பண்ணீங்க?"

அவர் டிராயரைத் திறந்து சாமான்களை எடுத்து வைக்க ஆரம்பிச்சார்.

"எங்க வீட்டுல இன்னொரு சம்பளம் வருதும்மா."