பையனுக்கு டாப் மாடல்

“பழைய போனைக் காட்டுங்க சார்.”

வாடிக்கையாளரிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்பது அந்தக் கடையின் முதல் பாடம். பழையது நன்றாக இருந்துவிட்டால் வியாபாரம் படுத்துவிடும். விற்பனைப் பெண் கேட்டே விட்டாள்.

மகனுக்கு டாப் மாடல் வாங்க வந்தவர், அவனுடைய போனை நீட்டினார். ஒரு கீறல்கூட இல்லை.

“இதுக்கென்ன குறைச்சல்? டாப் மாடல்ல வருஷா வருஷம் விலைதான் ஏறுது. பாதி விலையில இதைப் பாருங்க. கேமராவும் பளிச்சுனு இருக்கும், பேட்டரியும் நிக்கும்.”

“ஆம்பளப் புள்ளம்மா. நாலு பேர் முன்னாடி எடுத்தா கௌரவமா இருக்க வேணாமா?”

“வேலைக்குப் போறாரா?”

“தேடிட்டிருக்கான். பொண்ணுதான் சம்பாதிக்கிறா.”

“அவ என்ன போன் வச்சிருக்கா?”

“ஏதோ ஒண்ணு. அவளுக்கு அது போதும்.”

மேலாளர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடி வந்தார். “நீ நகரும்மா! டாப் மாடலையே தவணையில போட்டுடலாம் சார். கையெழுத்து யாரு போடுறாங்க?”

“இதோ நிக்கிறாளே, என் பொண்ணு. கடையில அப்பா-பொண்ணுன்னு காட்டிக்க வேணாம்னு சொன்னா.”

மேலாளர் விற்பனைப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தார்.

“அரை நாள் லீவு சார்” என்றவள், காலையிலேயே கட்டி எடுத்துவந்திருந்த துணிப்பையைக் கவுண்டருக்கடியிலிருந்து இழுத்தாள். “ஹாஸ்டலுக்குக் குடிபோறேன். கையெழுத்தை உங்க பையனையே போடச் சொல்லுங்கப்பா.”

விரிசல் விட்ட தன் போனில் வழி பார்த்துக்கொண்டே தெருவில் இறங்கினாள்.