இரண்டரைக் கிலோ எங்கே போனது?

"பதினாலரை!" கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் சத்தமாகச் சொல்லிவிட்டுப் புத்தகத்தில் எழுதினார்.

வினோதா தன் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் வளர்ச்சியை மாதம் ஒருமுறை அளப்பவள் அவள்; தோட்டத்துக்கே வந்து அளப்பது இதுதான் முதல் முறை. போன மாதம் டவுன் கிளினிக்கில் தனுஷிகாவின் எடை பதினேழு கிலோ.

"பூரணி, புள்ளைக்குச் சோறே போடுறதில்லையா?"

"ஐயோ மிஸ், ரெண்டு ஆள் சாப்பாடு திங்கிறா! ஊட்டி ஊட்டி என் கையே தேஞ்சு போச்சு," என்றாள் தாய் பூரணி.

தனுஷிகாவுக்கு ஒன்பது வயது. மூளைவாதத்தால் கால்கள் மடங்கியே இருக்கும், நிற்க முடியாது. அதனால்தான் கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்குத் தூக்கி வந்து, பெட்ஷீட்டில் தொட்டில் கட்டி, கொழுந்துத் தராசின் கொக்கியில் மாட்டியிருந்தார்கள்.

"ஐயா... என்னையும்... லொறில... ஏத்திறாதீங்க," என்றாள் தொட்டிலுக்குள்ளிருந்து. ஒவ்வொரு சொல்லாக இழுத்துத்தான் பேசுவாள். ஆனால் வாயை மூடமாட்டாள்.

பின்னால், கொழுந்துச் சாக்குகளோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். "சீக்கிரம் எறக்குங்க, வெயில்ல கொழுந்து வாடுது!" என்று கத்தினாள் காளியாயி. "வாடாட்டி மட்டும் என்ன, இங்க வந்தா எல்லாம் எளைச்சுத்தான் போகும்!"

தனுஷிகாவை இறக்கிப் பாயில் படுக்கவைத்தார்கள். வினோதா குரலைத் தாழ்த்தினாள். "ஒரே மாசத்துல இவ்வளவு கொறைஞ்சா நான் சும்மா விட முடியாது பூரணி. ஆஸ்பத்திரியில சேக்கணும். மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் சாப்பாடு குடுப்பாங்க."

தனுஷிகாவின் சிரிப்பு நின்றது. "குழாய்... வேணாம்மா." பூரணி மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வினோதாவுக்கும் மனம் வரவில்லை. பையிலிருந்து இடுக்கி போன்ற ஒரு கருவியை எடுத்தாள். மேல்கையின் பின்பக்கத் தோலை மெல்லக் கிள்ளி, அந்த மடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்று காட்டும் கருவி அது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்புத்தான் உடம்பின் சேமிப்பு. பட்டினி கிடந்தால் அந்த மடிப்பு மெலியும்.

"மிஸ்... நண்டு மாதிரி... கிள்ளுறாங்க."

போன மாதம் ஏழு மில்லிமீற்றர். இன்று ஏழரை.

வினோதா மூன்று முறை கிள்ளிப் பார்த்தாள். மூன்று முறையும் ஏழரைதான். பிள்ளையின் கை தடித்திருக்கிறது, எடை மட்டும் குறைந்திருக்கிறது. இரண்டில் ஒன்று பொய். தோலுக்குப் பொய் சொல்லத் தெரியாது.

"கணக்கப்புள்ள ஐயா, இன்னொருக்கா மாட்டுங்க."

வரிசையிலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. "அந்தப் புள்ளைய நெறுத்து முடிக்கிறதுக்குள்ள அதுக்குக் கல்யாண வயசு வந்துரும்," என்றது ஒரு குரல்.

"மாப்பிள்ள... பாத்து... வைங்க," என்றபடி தனுஷிகா மீண்டும் தொட்டிலோடு கொக்கியில் தொங்கினாள்.

இந்த முறை வினோதா தள்ளி நிற்கவில்லை. தராசுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். முள் ஆடியது, பிறகு அசையாமல் நின்றது.

முத்துலிங்கமும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "பதினாலரை!" என்று சொல்லி எழுதப் போனார்.

"ஐயா, முள்ளு பதினேழரையில நிக்குது. நீங்க எப்படிப் பதினாலரைங்கிறீங்க?"

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டித் தராசைப் பார்த்தார்கள்.

முத்துலிங்கம் அவளை விநோதமாகப் பார்த்தார். இவ்வளவு படித்தவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பார்வை.

"இங்க எதை நெறுத்தாலும் தண்ணிக்கு ரெண்டு கிலோ, சாக்குக்கு ஒண்ணு கழிச்சுத்தானே மிஸ் எழுதணும்?"